சொந்தக் கதையை நாமே செப்பனிடுவது: புதிதாக எழுதுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னையில் எழுத்துப் பட்டறை எங்கே நடந்தாலும், கூட்டம் முடிந்து டீ குடிக்கிற நேரத்தில் வருகிற சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். எழுதி முடித்தாயிற்று, அடுத்து என்ன? ஒற்று எங்கே போடுவது? எத்தனை தடவை திருத்துவது? அந்தக் கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். சிறுகதை எழுதுகிறவர்களை மனத்தில் வைத்து எழுதியது. கட்டுரைக்கும் நாவலுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

உதாரணத்துக்கு ஒரே கதையை வைத்துக்கொள்வோம்: சரவணன் என்ற இளைஞன், அடகில் இருக்கும் அம்மாவின் வளையலை மீட்கப் புரசைவாக்கத்துக்குப் போகிறான். அக்கா பெயர் மாலா. மற்ற பதில்களில் இவர்கள் வந்துபோவார்கள்.

எடிட்டிங்னா எழுத்துப் பிழை பார்க்கறதுதானே?

எழுத்துப் பிழை பார்ப்பது மெய்ப்புத் திருத்தம். அச்சகத்தில் 'புரூஃப் பார்ப்பது' என்பார்கள். செப்பனிடுவதில் அது கடைசிப் படி. அதற்கு முன்பு இரண்டு வேலைகள் இருக்கின்றன. முதலாவது அமைப்பு: கதை எங்கே தொடங்குகிறது, எந்தக் காட்சி எதற்கு, யார் பார்வையில் சொல்லப்படுகிறது. இரண்டாவது நடை: வாக்கியம், சொல், வசனம், ஓசை.

இந்த வரிசையை மாற்றக் கூடாது. நான்காம் பக்கத்துப் பத்தி ஒன்றுக்கு அரை மணி நேரம் உட்கார்ந்து ஒற்றுப் போட்டுவிட்டு, மறுநாள் அந்தப் பத்தியே வேண்டாம் என்று தெரிந்தால் அரை மணி நேரம் வீண். அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. பாடுபட்டுச் சரிசெய்த பத்தி என்பதாலேயே அதை வெட்ட மனம் வராது. தேவையில்லாத பத்தி கதையில் தங்கிவிடும்.

முடிச்ச கையோட திருத்திடலாமா?

சிறுகதை என்றால் ஏழு நாளாவது மூடி வையுங்கள். நாவலுக்கு ஒன்றரை மாதம். எழுதிய சூட்டில் படிக்கும்போது நாம் தாளைப் படிப்பதில்லை, நினைவிலிருந்து ஒப்பிக்கிறோம். வாக்கியத்தில் விட்டுப்போன 'இல்லை'யை மனமே நிரப்பிக்கொண்டு நகர்ந்துவிடும்.

நாளையே அனுப்ப வேண்டிய நெருக்கடி என்றால் ஓர் இரவாவது இடைவெளி விட்டு, பிரதியின் தோற்றத்தை மாற்றுங்கள். லதா எழுத்துருவில் எழுதியிருந்தால் நிர்மலாவுக்கு மாற்றுங்கள், அளவை 12-இலிருந்து 15 ஆக்குங்கள். வரி உடையும் இடங்கள் மாறும். முன்பு வரி ஓரத்தில் மறைந்திருந்த பிழை நடுவில் வந்து நிற்கும். எல்லாவற்றிலும் நல்லது தாளில் எடுத்துப் பார்ப்பது. ஒன்றரை வரி இடைவெளி, குறிப்பெழுத வலப்பக்கம் ஒன்றரை அங்குலம் ஓரம். ஜெராக்ஸ் கடைக்குப் போகும்போது கோப்பைப் பிடிஎஃப் ஆக்கிக்கொண்டு போங்கள். அந்தக் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லையென்றால் தாளில் வருவது வேறு எழுத்துருவாகவோ வெறும் கட்டங்களாகவோ இருக்கும்.

எங்கே ஆரம்பிக்கறதுன்னே தெரியல. முதல் வேலை என்ன?

பேனா இல்லாமல் ஒரே மூச்சில் ஒரு தடவை படியுங்கள். எதையும் திருத்தாதீர்கள். அலுப்புத் தட்டிய இடத்தில் பக்க ஓரத்தை மடித்துவிட்டு மேலே போங்கள்.

பிறகு ஒரு தனித்தாளில் காட்சிக்கு ஒரு வரி எழுதுங்கள். அந்த வரியில் மூன்று தகவல்கள் இருக்க வேண்டும்: யார் இருக்கிறார்கள், எங்கே, காட்சி முடியும்போது எது மாறியிருக்கிறது. 'சரவணன், அடகுக்கடை, வளையல் ஏலத்துக்குப் போகப்போகிறது என்று தெரிகிறது' என்றால் அது காட்சி. 'சரவணன், பஸ், ஜன்னல் வழியாகப் பார்க்கிறான்' என்று எழுதிவிட்டு மூன்றாவது தகவலுக்கு எதுவும் கிடைக்கவில்லை என்றால், அந்தக் காட்சி இன்னொன்றோடு சேர வேண்டும் அல்லது போக வேண்டும். பஸ்ஸில் போகும் பகுதி எவ்வளவு அழகாக இருந்தாலும் இதுதான் அளவுகோல்.

மடித்த ஓரங்களையும் இந்தப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அலுப்புத் தட்டிய இடமும் எதுவும் மாறாத காட்சியும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்.

முதல் பாராவை வெட்டுன்னு எல்லாரும் சொல்றாங்களே, அது எல்லாக் கதைக்கும் பொருந்துமா?

எல்லாவற்றுக்கும் பொருந்தாது. ஆனால் முதல் வரைவுகளில் மிக அதிகமாகப் பொருந்துகிறது. எழுதுகிறவர் கதைக்குள் நுழைவதற்காகத் தனக்கே சொல்லிக்கொண்ட வரிகள் அங்கேதான் குவியும். அலாரம் அடிக்கிறது, சரவணன் எழுகிறான், பல் தேய்க்கிறான், காபி குடிக்கிறான், வானம் மேகமூட்டமாக இருக்கிறது. கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு "தேதி தாண்டிடுச்சே தம்பி" என்று சொல்லும் இடத்தில்தான் கதை தொடங்குகிறது.

சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. முதல் பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு இரண்டாவதிலிருந்து படியுங்கள். எதுவும் விட்டுப்போனதாகத் தோன்றாவிட்டால் எடுத்துவிடுங்கள். ஒரே ஒரு தகவல் மட்டும் விட்டுப்போனால், அந்தத் தகவலை இரண்டாம் பத்தியில் ஒரு சொல்லாக நுழைத்துவிட்டு முதல் பத்தியை எடுத்துவிடுங்கள். கடைசிப் பத்திக்கும் இதே சோதனையைச் செய்யுங்கள். முடிந்துபோன கதைக்குப் பொருள் சொல்லும் நான்கு வரிகள் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும்.

வெட்ட மனசே வரல. நல்ல வரியெல்லாம் போயிடுதே?

'வெட்டியவை' என்று ஒரு கோப்பு திறந்து, எடுப்பதையெல்லாம் அதில் ஒட்டிவையுங்கள். அழியவில்லை, இடம் மாறியிருக்கிறது என்ற நினைப்பே கையைத் துணிய வைக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் தேதியிட்ட புதுப் பிரதியாகச் சேமியுங்கள். பழையதன் மேலேயே எழுதிக்கொண்டு போனால் திரும்பிப் போக வழி இருக்காது.

'வளவள'ன்னு இருக்குங்கறாங்க. எந்தச் சொல்லைத்தான் எடுக்கறது?

ஒவ்வொருவருக்கும் பழக்கச் சொற்கள் உண்டு. சட்டென்று, மெல்ல, ஏனோ, லேசாக, ஒருவிதமான, திடீரென்று. இந்தச் சொற்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். 1500 சொல் கதையில் 'மெல்ல' ஒன்பது முறை வந்திருந்தால் ஏழு முறை அது எதுவும் செய்யவில்லை. கதையில் எல்லாமே சட்டென்று நடந்தால் எதுவுமே சட்டென்று நடக்காது.

அடுத்தது ஊதிய வினைகள். 'ஆய்வு மேற்கொண்டார்' என்பது 'ஆராய்ந்தார்'. 'முடிவு எடுத்தான்' என்பது 'முடிவுசெய்தான்'. 'அழுகையை வெளிப்படுத்தினாள்' என்பது 'அழுதாள்'. செய்தித்தாள், அலுவலகக் கடிதம் இரண்டும் நமக்குள் ஊற்றிய நடை இது. 'கொண்டிருந்தான்' என்பதையும் தேடுங்கள். 'பார்த்துக்கொண்டிருந்தான், நின்றுகொண்டிருந்தான், யோசித்துக்கொண்டிருந்தான்' என்று ஒரே பத்தியில் மூன்று வந்தால், உண்மையிலேயே நீண்டு நடக்கிற செயல் எது என்று பார்த்து அதற்கு மட்டும் விட்டுவைத்து, மற்றவற்றைப் 'பார்த்தான்', 'நின்றான்' ஆக்குங்கள்.

மூன்றாவது, சொன்னதையே விளக்குவது. "கை நடுங்கியது. அவன் பயந்திருந்தான்." இரண்டாவது வாக்கியம் வாசகரை நம்பாமல் எழுதியது.

தப்பு ஒண்ணும் இல்ல, ஆனா மொழிபெயர்ப்பு மாதிரி இருக்குன்னு சொல்றாங்க. ஏன்?

பல காரணங்கள் இருக்கலாம். அடிக்கடி கண்ணில் படுபவை நான்கு. முதலாவது, எழுவாயைத் திரும்பத் திரும்பச் சொல்வது. 'அவன் எழுந்தான். அவன் சீட்டை எடுத்தான். அவன் படி இறங்கினான்.' தமிழில் வினையின் விகுதியே ஆளைச் சொல்லிவிடும். 'எழுந்து சீட்டை எடுத்துக்கொண்டு படி இறங்கினான்' என்றால் போதும். ஆள் மாறும்போது மட்டும் பெயரைச் சொல்லுங்கள்.

இரண்டாவது 'ஒரு'. 'அவர் ஒரு ஆசிரியர்', 'அது ஒரு நல்ல யோசனை' என்பவற்றில் 'ஒரு' எதையும் எண்ணவில்லை. 'அவர் ஆசிரியர்', 'நல்ல யோசனை' என்று நிறுத்துங்கள். மூன்றாவது 'படு'. 'வளையல் அம்மாவால் கொடுக்கப்பட்டது' என்று யாரும் வீட்டில் பேசுவதில்லை. 'அம்மா கொடுத்த வளையல்.' செய்தவர் யார் என்று தெரியாதபோதும் சொல்ல விரும்பாதபோதும் மட்டும் 'பட்டது' தேவைப்படும். நான்காவது 'கள்'. 'பத்து ரூபாய்கள்', 'மூன்று கிலோக்கள்' வேண்டாம். 'ஒவ்வொரு கடைகளிலும்' என்பது பிழையே. 'ஒவ்வொரு கடையிலும்' என்று எழுத வேண்டும். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு: 'கடைகள் மூடியிருந்தது' என்று எழுதிவிட்டு நகர்கிறோம். கதைசொல்லியின் நடை எழுத்துத்தமிழ் என்றால் 'மூடியிருந்தன'.

நீளமான வாக்கியமே எழுதக் கூடாதா?

எழுதலாம். தமிழில் வினை கடைசியில் வருவதால், அதுவரை வருவதையெல்லாம் வாசகர் கையில் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தச் சுமையைத்தான் அளக்க வேண்டும். 'நேற்று மாலா சொன்ன, அம்மா பத்து வருஷம் முன்பு வாங்கிய, இப்போது அடகில் இருக்கிற வளையல்' என்பதில் ஒரு பெயருக்கு முன்னால் மூன்று பெயரெச்சங்கள் தொங்குகின்றன. இரண்டைத் தாண்டினால் வாக்கியத்தை உடைத்துவிடுங்கள். வினையெச்சங்களை அடுக்கினால் இந்தச் சிக்கல் குறைவு. 'எழுந்து, குளித்து, சாப்பிட்டு' என்று ஒவ்வொரு செயலும் முடிந்து முடிந்து நகரும்.

ஆனால் அதில் ஒரு குழி இருக்கிறது. 'செய்து' என்கிற வாய்பாட்டு எச்சத்துக்கும் முற்றுக்கும் எழுவாய் ஒன்றாக இருக்க வேண்டும். 'கதவைத் திறந்து பூனை ஓடியது' என்று எழுதினால் கதவைத் திறந்தது பூனை. 'கதவைத் திறந்ததும் பூனை ஓடியது' என்றால் சிக்கல் இல்லை. எச்சம் வந்த இடத்தில் எல்லாம் 'யார் செய்தது?' என்று கேட்டுப் பாருங்கள்.

ஒற்று விஷயம் தலைகால் புரியல. எல்லா விதியையும் மனப்பாடம் பண்ணணுமா?

வேண்டாம். கதையில் வருகிற ஒற்றுகளில் பெரும்பகுதி ஐந்தாறு இடங்களில் அடங்கிவிடும். அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கினால் மட்டும் கவனித்தால் போதும். 'ஐ' வேற்றுமைக்குப் பின்: வளையலைப் பார்த்தான். 'கு' வேற்றுமைக்குப் பின்: கடைக்குப் போனான். அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி, எப்படி ஆகியவற்றுக்குப் பின்: அந்தக் கடை, அப்படிச் சொன்னாள். 'ஆக' என்று முடிந்தால்: வேகமாகத் திரும்பினான். 'என' வந்தால்: எனக் கேட்டார்.

வினையெச்சத்தில் குழப்பம் வருவது இயல்பு. அதற்குக் காதே உதவும். எச்சத்தின் கடைசி 'உ'வுக்கு முன்னால் வல்லின இரட்டிப்பு இருந்தால் ஒற்று வரும்: படித்துப் பார்த்தான், கேட்டுச் சிரித்தாள், விற்றுத் தீர்த்தார். மெல்லினம் இருந்தால் வராது: வந்து போனான், நின்று பார்த்தான், கொண்டு கொடுத்தான். 'செய்து பார்த்தான்' என்பதிலும் வராது. 'என்று கேட்டார்', 'எனக் கேட்டார்' இரண்டும் ஒரே பொருள்தான், ஆனால் முதலாவதில் ஒற்று இல்லை.

வராத இடங்களில் போட்டுவிடுவது போடாமல் விடுவதைவிட அதிகமாகக் கண்ணை உறுத்தும். வந்த பையன், பெரிய கடை, ஒரு கதை, சில பேர், அது போகட்டும், அம்மாவோடு போனான், வீட்டிலிருந்து கிளம்பினான். இவற்றில் எதிலும் ஒற்று இல்லை. சந்தேகம் வந்தால் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். 'கடைக்கு போனான்' என்று ஒற்றில்லாமல் சொன்னால் 'ப' மெலிந்து தடுக்கும். 'வந்தப் பையன்' என்று சொல்ல நாக்கு வராது.

ஒற்றுப் போடலன்னா என்ன ஆயிடும்? அர்த்தம் புரியுதே.

பல இடங்களில் புரியும். சில இடங்களில் பொருளே மாறும். 'சரவணன் வேலை பார்த்தான்' என்றால் உழைத்தான். 'சரவணன் வேலைப் பார்த்தான்' என்றால் முருகன் கையிலிருக்கும் வேலைக் கண்டான். 'தந்த பலகை' யாரோ கொடுத்தது, 'தந்தப் பலகை' யானைத் தந்தத்தில் செய்தது. ஒரு பதிப்பாசிரியர் முதல் பக்கத்தில் ஐந்து ஒற்றுப் பிழைகளைப் பார்த்தால், எழுதியவர் தன் பிரதியை இரண்டாம் முறை படிக்கவில்லை என்ற முடிவுக்கு வருவார்.

சேர்த்து எழுதணுமா, பிரிச்சு எழுதணுமா?

துணைவினையைச் சேர்த்தும் முழுவினையைப் பிரித்தும் எழுதுங்கள். 'சொல்லிவிட்டான்' என்றால் சொல்லி முடித்தான். 'தோளைத் தொட்டு விட்டான்' என்றால் தொட்டான், பிறகு கையை எடுத்தான். 'தான்' அழுத்தத்துக்கு வந்தால் சேர்ந்துவிடும்: சரவணன்தான், இன்றுதான். 'அவனைவிட' என்பது ஒப்பீடு, 'அவனை விட' மனமில்லை என்பது பிரிய மனமில்லை.

எதை எடுத்தாலும் கதை முழுவதும் ஒரே மாதிரி எழுத வேண்டும். மூன்றாம் பக்கத்தில் 'பேருந்து', ஏழாம் பக்கத்தில் 'பஸ்', ஓரிடத்தில் 'ஃபோன்', இன்னோரிடத்தில் 'போன்' என்று வராமல் பார்க்க, ஒரு தாளில் உங்கள் முடிவுகளை எழுதிவையுங்கள். பதிப்பகங்கள் சில இப்படி நடைக்குறிப்பு வைத்திருக்கின்றன. மொழி அறக்கட்டளையின் 'தமிழ் நடைக் கையேடு' இந்த வகைச் சந்தேகங்களுக்கென்றே எழுதப்பட்டது.

ஸ்பெல் செக்கர்ல போட்டுட்டா போதாதா?

பயன்படுத்துங்கள், ஆனால் அத்தோடு நிறுத்தாதீர்கள். இணையத்தில் 'வாணி' எழுத்துப்பிழைகளைக் காட்டும், 'நாவி' சந்திப்பிழைகளைக் காட்டும். இல்லாத சொல்லை அவை பிடித்துவிடும். நீங்கள் தவறாக எழுதியது இன்னொரு சரியான சொல்லாக இருந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். 'மல்லிகையின் மனம்', 'மார்கழிப் பணி', 'கடற்கறை', 'வயிற்று வழி', 'காகம் பரந்தது', 'பஸ்ஸில் ஏரி' ஆகியவற்றில் மனம், பணி, கறை, வழி, பரந்தது, ஏரி எல்லாமே அகராதியில் இருக்கிற சொற்கள். ர-ற, ல-ள-ழ, ந-ண-ன மூன்று குழுக்களில் உங்களுக்குத் தடுமாற்றம் எதில் என்று தெரிந்துகொண்டு, அந்தச் சுற்றில் அதை மட்டும் பாருங்கள்.

சொற்பிழையை மட்டும் பார்க்கிற சுற்றில் கடைசிப் பத்தியிலிருந்து முதல் பத்தி நோக்கிப் படிப்பது உதவும். கதை இழுத்துக்கொண்டு போகாது, சொல் சொல்லாகத் தெரியும். பழக்கத்தில் ஊறிய பிழைகள் சிலவற்றைத் தனியே குறித்துவைக்கலாம்: சுவற்றில் அல்ல, சுவரில். பதட்டம் அல்ல, பதற்றம். கோர்த்தான் அல்ல, கோத்தான். சில்லரை அல்ல, சில்லறை. நினைவுகூறினாள் அல்ல, நினைவுகூர்ந்தாள்.

செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் பிரதியைக் கொடுத்து 'திருத்தி எழுது' என்று கேட்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. பேச்சுவழக்கை எழுத்துத்தமிழாக நிமிர்த்தி, உங்கள் வாக்கியத்தின் ஓசையைப் பொது ஓசையாக்கிவிடும். 'திரும்பத் திரும்ப வரும் சொற்களைப் பட்டியலிடு' என்று கேட்பதில் தீங்கில்லை.

எந்த அகராதி வெச்சுக்கணும்?

இன்றைய உரைநடைக்குக் 'க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி'. 1992-இல் முதலில் வந்தது. 2008, 2020 ஆண்டுகளில் விரிந்த பதிப்புகள் வந்தன. எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு இருப்பதால் சொல்லை எப்படிப் பயன்படுத்துவது என்பதும் தெரியும். பழைய சொல், வட்டாரச் சொல் என்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன், 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. அதை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். வீட்டில் அமைதி இல்லை என்பவர்களுக்கு ஒரு யோசனை: கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகங்களைக் கொண்டுவந்து படிக்கவே தனிப் பகுதி உண்டு. அச்சிட்ட பிரதியோடு போய் உட்காரலாம்.

வசனத்துல மெட்ராஸ் பாஷை எழுதறேன். அதுல சரி எது, தப்பு எது?

பேச்சுவழக்கிலும் பிழை உண்டு. எழுத்துத்தமிழ் வேரை வைத்துப் பாருங்கள். 'சொல்கிறேன்' என்பதன் பேச்சு வடிவம் 'சொல்றேன்', ஆகவே 'சொல்ரேன்' பிழை. 'போகிறான்' 'போறான்' ஆகும், 'போரான்' ஆகாது. ஒலி குறுகலாம், எழுத்தின் இனம் மாறக் கூடாது.

எல்லாச் சொல்லையும் ஒலித்தபடியே எழுதினால் வாசகர் எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டியிருக்கும். ஒரு பாத்திரத்துக்கு நான்கைந்து அடையாளங்களைத் தேர்ந்தெடுத்து அவற்றை மட்டும் விடாமல் பிடியுங்கள்: 'இன்னா', 'கீது', 'வந்துக்கினு', 'குந்து'. இன்னொன்றும் முக்கியம். சென்னைக்காரர் எல்லாருக்கும் ஒரே பேச்சு இல்லை. காசிமேட்டில் வலை பின்னுகிறவர், மயிலாப்பூர் பாட்டி, திருநெல்வேலியிலிருந்து வந்து வேளச்சேரியில் தங்கி வேலைக்குப் போகிறவர் மூவரும் ஒரே மாதிரி பேசினால், நீங்கள் ஆளைக் கேட்டு எழுதவில்லை. வசனங்களை மட்டும் தனியே நகலெடுத்து, பெயர்களை அழித்துவிட்டுப் படியுங்கள். யார் பேசுகிறார் என்று தெரிகிறதா என்பதுதான் சோதனை.

மரியாதை விகுதியையும் இந்தச் சுற்றிலேயே பார்த்துவிடுங்கள். அம்மா 'சொன்னாள்' என்று தொடங்கி நடுவில் 'சொன்னார்' ஆவது மிக அதிகம். கடைக்காரர் முதலில் 'அவர்', கோபம் வந்த காட்சியில் 'அவன்' என்றால், அது சரவணன் மனம் மாறியதைக் காட்ட நீங்கள் தெரிந்து செய்ததாக இருக்க வேண்டும்.

பாத்திரத்தோட பேரை மாத்தணும். 'ரீப்ளேஸ் ஆல்' போட்டா முடிஞ்சிடுமா?

தமிழில் முடியாது. 'மாலா'வை 'மாலதி' ஆக்கினால் 'மாலாவின்' என்பது 'மாலதிவின்' ஆகிவிடும். 'மணி'யை 'ரவி' ஆக்கினால் 'ஏழு மணிக்கு' என்பது 'ஏழு ரவிக்கு' ஆகும். மெய்யெழுத்தில் முடியும் பெயரில் வேறு சிக்கல். 'சரவணன்' என்று புள்ளியோடு தேடினால் 'சரவணனை', 'சரவணனுக்கு' கிடைக்காது, ஏனென்றால் உருபு சேரும்போது புள்ளி போய்விடுகிறது. 'சரவணன' என்று புள்ளியில்லாமல் தேடினால் பெரும்பாலான மென்பொருள்களில் எல்லாம் அகப்படும். ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்தி மாற்றுங்கள். முன்பு சொன்ன 'மெல்ல', 'கொண்டிருந்தான்' தேடலுக்கும் இதை நினைவில் வையுங்கள்: 'கொண்டிருந்த' என்று தேடினால் ஆண், பெண், பலர் விகுதிகள் எல்லாம் சேர்ந்து வரும்.

கற்பனைக் கதைதானே, தகவலையெல்லாம் சரிபார்க்கணுமா?

ஊர் உண்மையான ஊர் என்றால் பார்க்கத்தான் வேண்டும். மெரினாவில் சூரியன் கடலில் அஸ்தமிப்பதாக இன்னும் எழுதுகிறார்கள். கடல் கிழக்கே இருக்கிறது, அங்கே உதயம்தான் தெரியும். 1985-இல் நடக்கும் கதையில் சரவணன் மதுரைக்குக் கோயம்பேட்டில் பஸ் ஏற முடியாது. அந்த நிலையம் 2002-இல் திறந்தது, அதற்கு முன்பு பாரிமுனைக்குத்தான் போக வேண்டும். 2024-இல் நடக்கிற கதை என்றால் கிளாம்பாக்கம். பறக்கும் ரயில் 1995-க்கு முன்பு இல்லை, மெட்ரோ 2015-க்கு முன்பு இல்லை. நகரத்தின் பெயர் அதிகாரபூர்வமாகச் 'சென்னை' ஆனது 1996-இல். அதற்கு முந்தைய ஆங்கிலக் கடிதத்தாளில் 'மெட்ராஸ்' என்றுதான் இருக்கும். ஜூன் மாதத்தில் நாள்கணக்காக அடைமழை பெய்ய வைத்தால் உள்ளூர் வாசகர் நின்றுவிடுவார். இங்கே பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை.

கதைக்குள்ளேயே முரண்கள் இருக்கும். அவற்றைக் காட்சிப் பட்டியலின் ஓரத்தில் கிழமை, நேரம், கையில் இருக்கும் பணம், வயது என்று எழுதிச் சரிபார்க்கலாம். சரவணனிடம் காலையில் 4000 ரூபாய் இருந்தது, ஆட்டோவுக்கு 150 போனது, கடையில் 3900 எண்ணிக் கொடுத்தான் என்றால் யாராவது ஒருவர் கண்டுபிடிப்பார்.

படிக்கக் கொடுத்தா எல்லாரும் 'சூப்பர்'னு மட்டும் சொல்றாங்க. என்ன பண்றது?

'எப்படி இருக்கு?' என்று கேட்டால் அந்தப் பதில்தான் வரும். பதில் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள். எந்த இடத்தில் போனை எடுத்துப் பார்க்கத் தோன்றியது? யார் யாரென்று எங்கே குழம்பியது? கதையை மூன்று வாக்கியத்தில் திருப்பிச் சொல்ல முடியுமா? அந்த மூன்று வாக்கியம் நீங்கள் எழுதியதாக நினைத்த கதையோடு பொருந்தாவிட்டால் வேலை இருக்கிறது. மூன்று பேர் போதும். ஒருவராவது எழுதாதவராக, நிறையப் படிக்கிறவராக இருக்கட்டும்.

இருவர் நேர்மாறாகச் சொல்வதும் உண்டு. ஒருவர் 'முடிவு சட்டென்று வந்துவிட்டது' என்பார், மற்றவர் 'முடிவு இழுக்கிறது' என்பார். இருவரும் காட்டுவது ஒரே இடத்தை. அங்கே ஏதோ தவறு இருக்கிறது என்பதை நம்புங்கள், என்ன செய்வது என்பதை நீங்களே தீர்மானியுங்கள். பெரும்பாலும் கோளாறு அந்த இடத்திலேயே இருக்காது, இரண்டு பக்கம் முன்னால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டிருப்பீர்கள்.

எத்தனை தடவை திருத்தினா போதும்?

அமைப்புக்கு ஒன்று, நடைக்கு ஒன்று, வாய்விட்டு வாசிக்க ஒன்று, மெய்ப்புக்கு ஒன்று. வாய்விட்டு வாசிப்பதை விட்டுவிடாதீர்கள். 1500 சொல்லுக்குக் கால் மணி நேரம்தான் ஆகும். மூச்சு முட்டும் வாக்கியம், அருகருகே வரும் ஒரே சொல் இரண்டையும் காது பிடிக்கும். வெட்கமாக இருந்தால் கைப்பேசியின் தமிழ்க் குரலைப் படிக்க வைத்துக் கேளுங்கள். அது உணர்ச்சி எதையும் சேர்க்காது, எழுதியதை மட்டும் படிக்கும். காலையில் எடுத்த சொல்லை மாலையில் திரும்பப் போட்டால் அந்தச் சுற்று முடிந்துவிட்டது.

புரூஃப் வந்தப்புறம் ஒரு பாரா சேர்க்கலாமா?

தவிர்க்க வேண்டும். புத்தகம் பெரும்பாலும் 16 பக்கம் கொண்ட ஃபாரங்களாக அச்சாகிறது. ஒரு பத்தி கூடினால் பின்னால் வரும் பக்கங்கள் எல்லாம் நகரும், உள்ளடக்கத்தின் பக்க எண்கள் மாறும், சில நேரம் ஒரே ஒரு பக்கத்துக்காகப் புது ஃபாரம் தேவைப்படும். ஜனவரிப் புத்தகக் காட்சிக்காக நவம்பர், டிசம்பரில் வேலை குவிந்திருக்கும்போது, அந்த அவசரத்தில் புதுப் பிழைகள் நுழையும். தவிர்க்கவே முடியாவிட்டால் சேர்க்கும் அளவுக்கு அதே பக்கத்தில் எடுத்துக்கொடுங்கள்.

மெய்ப்பில் உங்கள் கோப்பில் இல்லாத பிழைகளும் இருக்கும். ஒருங்குறியில் எழுதியதைப் பக்க வடிவமைப்புக்காக வேறு குறியாக்கத்துக்கு மாற்றும்போது ஒ, ஓ, ஔ சேர்ந்த உயிர்மெய்கள் உடையலாம். 'ஔ' 'ஒள' ஆகும், துணைக்கால் 'ர' ஆகும், மேற்கோள் குறிகள் திரும்பி நிற்கும், சாய்வெழுத்து காணாமல் போகும். ஆகவே மெய்ப்பைத் தனியாகப் படிக்காமல் மூலப் பிரதியைப் பக்கத்தில் வைத்து, ஒருவர் வாசிக்க மற்றவர் பார்க்கும்படி செய்யுங்கள். தலைப்பு, துணைத்தலைப்பு, பின்னட்டை, ஆசிரியர் குறிப்பு ஆகியவற்றை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் பிழைதான் எல்லார் கண்ணுக்கும் தப்பும்.

அச்சாகி வந்த பிறகு பிழை கண்ணுல பட்டா?

ஒரு பிரதியை உங்களுக்கென்று ஒதுக்கி, பக்க எண்ணும் வரி எண்ணும் போட்டுச் சிவப்பு மையில் குறித்துக்கொண்டே வாருங்கள். வாசகர்கள் சொல்வதையும் அதிலேயே சேருங்கள். தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் வந்த புத்தகம் என்றால், திருத்திய கோப்பை அடுத்த அச்சுக்கு முன்பே மாற்றித் தரச் சொல்லலாம். மொத்தமாக அச்சான புத்தகத்தில் பெயரோ ஆண்டோ தவறாகி, பொருளே மாறும் அளவுக்குப் பிழை இருந்தால், பிழைதிருத்தச் சீட்டு ஒன்றை அச்சிட்டு மீதமுள்ள பிரதிகளில் வைக்கும்படி பதிப்பகத்தாரிடம் கேளுங்கள். ஒற்றுப் பிழைகளுக்கு அது தேவையில்லை. அவை சிவப்பு மைப் பிரதியில் அடுத்த பதிப்புக்காகக் காத்திருக்கட்டும்.